எந்தப் பூட்டு முதலில்

சென்னையிலிருந்து போன் வந்தபோது இரவு மணி ஒன்றரை. 2005, ஒரு மாதக் கடைசி. நான் பெங்களூரில் ஒரு ஸ்டோரேஜ் நிறுவனத்தின் கெர்னல் பிரிவில் இருந்தேன். பல சர்வர்கள் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் ஒன்றை எட்டுப் பேர் எழுதிப் பராமரித்துவந்தோம். லினக்ஸ் 2.6 மேல் ஓடுவது. போனில் வந்தவர் தொலைபேசிக் கட்டண ரசீது அச்சிடும் ஒரு நிறுவனத்தின் சிஸ்டம் நிர்வாகி.

"சார், லோடு அறுநூறத் தாண்டிடுச்சு. ஆனா சிபியு சும்மாதான் இருக்கு. கில் மைனஸ் நைன் போட்டாலும் ஒண்ணும் சாகல."

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பூட்டுத் தகராறு என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். லினக்ஸ் லோடு கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவற்றோடு, கெர்னலுக்குள் எதற்காகவோ காத்துக் கிடக்கும் 'டி' (D) நிலைப் ப்ராசஸ்களையும் சேர்த்து எண்ணுகிறது. அந்த நிலையில் இருப்பதற்குச் சிக்னல் போய்ச் சேராது. காத்திருப்பதைக் கொல்ல வழிசெய்யும் மாற்றம் 2.6.25இல், 2008இல்தான் வந்தது. அதுவும் அந்த வழியைக் கேட்டு எழுதிய இடங்களுக்கு மட்டும்.

"ரீபூட் பண்ணிடட்டுமா சார்? காலைல ஆறு மணிக்கு வண்டி வந்து நிக்கும்."

"பத்து நிமிஷம் கொடுங்க சார். ரீபூட் பண்ணிட்டீங்கன்னா என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். அடுத்த மாசமும் இதே நேரத்துக்கு நீங்க எனக்குப் போன் பண்ணவேண்டி வரும்."

அவர் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவருடைய மேலாளர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எல்லாப் ப்ராசஸ்களின் ஸ்டாக்கையும் கொட்டச் சொல்லும் சிஸ்ரிக்யூ 'டி' (t) கட்டளையை அடிக்கச் சொன்னேன். கெர்னலின் லாக் பஃபர் சிறியது, அறுநூறு ஸ்டாக்கை அது தாங்காது, முதலில் வந்தவை அழிந்துவிடும். அதனால் சீரியல் கன்சோலில் பிடித்தோம். 9600 பாட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து. நான் கேட்ட பத்து நிமிடம் 13 ஆனது. பிறகு ரீபூட்.

காலையில் அச்செடுத்துப் படித்தேன். அறுநூறில் ஏறக்குறைய எல்லாமே ஒரே டைரக்டரியின் செமாஃபோருக்காக வரிசையில் நின்றன. இன்றைய மியூடெக்ஸ் என்றால் அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அதுவே குறித்துவைத்திருக்கும். மியூடெக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2006இல், 2.6.16இல். எங்கள் காலத்துச் செமாஃபோருக்கு அந்த ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு ஸ்டாக்காகப் படித்து, இந்த இடத்தில் நிற்பவன் இந்தப் பூட்டைக் கட்டாயம் பிடித்திருப்பான் என்று ஊகித்துத்தான் ஆளைப் பிடிக்கவேண்டும். மாலைக்குள் பிடித்துவிட்டேன். ஒரு ஃபைலை ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ரீநேம். அது ஒரு டைரக்டரியின் கிளஸ்டர் பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றின் பூட்டுக்காகக் காத்திருந்தது. அந்த இன்னொன்றைப் பிடித்தவன் அறுநூறு பேரில் இல்லை.

இருக்க முடியாது. அவன் இரண்டாவது மெஷினில் இருந்தான். கிளஸ்டர் பூட்டு எல்லா மெஷின்களுக்கும் பொதுவானது. போன் வந்த மெஷினின் டம்ப்பை மட்டும் கேட்டு வாங்கியிருந்தேன். அடுத்த மெஷினின் நினைவு ரீபூட்டில் போய்விட்டது. கிளஸ்டரில் ஒருவனை மட்டும் விசாரிப்பது ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றது என்று அன்று கற்றேன். ஒரு மாதம் காத்திருந்தோம்.

அடுத்த மாதக் கடைசியில் அதே நேரம், அதே போன். இந்த முறை இரண்டு மெஷின்களின் டம்ப்பும் வந்தது. கூட்ட அறைத் தரையில் தாள்களை இரண்டு வரிசையாகப் பரப்பிப் பார்த்தோம். அச்சுக்குத் தயாரான ரசீதுகள் ஒரு டைரக்டரியில், அச்சாகி முடிந்தவை இன்னொன்றில். முதல் மெஷினில் ஓடிய நிரல் அச்சானதைத் 'தயா'ரிலிருந்து 'முடிந்த'தற்கு நகர்த்திக்கொண்டிருந்தது. இரண்டாவது மெஷினில் ஓடியது, தாள் கசங்கி மறுபடி அச்சிட வேண்டியவற்றை 'முடிந்த'திலிருந்து 'தயா'ருக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. எங்கள் கோட் எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த டைரக்டரியை முதலில் பூட்டும், போய்ச் சேரும் இடத்தைப் பிறகு பூட்டும். முதல் மெஷின் 'தயா'ரைப் பிடித்துக்கொண்டு 'முடிந்த'தற்காகவும், இரண்டாவது மெஷின் 'முடிந்த'தைப் பிடித்துக்கொண்டு 'தயா'ருக்காகவும் நின்றன. அம்மி ஒருத்தர் கையில், குழவி இன்னொருத்தர் கையில். இருவரும் விடப்போவதில்லை, யாருக்கும் சட்னி இல்லை. டெட்லாக் என்பது இதுதான். என் வேலை என்னவென்று அம்மா கேட்டபோது இப்படித்தான் சொல்லிப் புரியவைத்தேன்.

இவ்வளவு வெளிப்படையான தவறு இரண்டு வருடப் பரிசோதனையில் சிக்காமல் போனது ஏன் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. பதில் எங்கள் கோடுக்கு வெளியே, விஎஃப்எஸ் எனப்படும் கெர்னலின் பொது அடுக்கில் இருந்தது. இரு டைரக்டரிகளுக்கு இடையே நகர்த்தும் எந்த ரீநேமுக்கும் முன்னால் விஎஃப்எஸ் அந்த ஃபைல் சிஸ்டம் முழுமைக்குமான ஒரு ரீநேம் பூட்டைப் பிடித்துவிடும். காரணம் நியாயமானது. ஒருவன் 'அ'வை 'ஆ'வுக்குள் நகர்த்தும் அதே கணத்தில் இன்னொருவன் 'ஆ'வை 'அ'வுக்குள் நகர்த்தினால், இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கி, மரத்திலிருந்து அறுந்த ஒரு வளையமாகத் தொங்கும். அதைத் தடுக்க வைத்த பூட்டு எங்கள் தவறையும் சேர்த்து மறைத்துவந்தது. ஒரே மெஷினில் எதிரெதிர் ரீநேம் இரண்டு ஒரே நேரத்தில் உள்ளே வரவே முடியாது. ஆனால் அந்தப் பூட்டு ஒரு மெஷினின் நினைவகத்தில் இருப்பது. அடுத்த மெஷினுக்கு அது இருப்பதே தெரியாது. எங்கள் ரீநேம் சோதனைகள் எல்லாமே ஒரு மெஷினில் ஓடியவை.

திருத்தம் எளிது என்று நினைத்தேன். ஒரே வகைப் பூட்டு இரண்டைப் பிடிக்க வேண்டி வந்தால், நினைவக முகவரி சிறியதை முதலில் பிடி என்பது கெர்னலில் பரவலான பழக்கம். அந்தக் காலத்தில் ஷெட்யூலர் இரண்டு ரன்கியூக்களைப் பூட்டும்போதும் அப்படித்தான் செய்தது. அதையே எழுதினேன். இரண்டு மெஷின்களில் இரண்டு நாள் எதிரெதிராக ரீநேம்களை ஓடவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அனுப்பினோம். அடுத்த மாதக் கடைசியில் மறுபடி போன்.

முகவரி அந்தந்த மெஷினுக்குச் சொந்தமானது. 'தயார்' டைரக்டரியின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு ஒரு மெஷினின் நினைவகத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். எங்கள் லேபில் இரண்டிலும் தற்செயலாக ஒரே மாதிரி அமைந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் அமையவில்லை. இருவரும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் நடந்தார்கள், ஆளுக்கு ஓர் ஒழுங்கில். பூட்டுகளின் வரிசை என்பது அவற்றைப் பிடிக்கும் எல்லோரும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய ஒன்றின் மேல் நிற்கவேண்டும். டிஸ்க்கில் எழுதப்பட்ட ஐநோடு எண் அப்படிப்பட்டது. முகவரி அப்படிப்பட்டதல்ல.

ஐநோடு எண்ணை வைத்து இரண்டாவது பேட்ச் எழுதினேன். எங்கள் குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள இருந்தா?" தாய் டைரக்டரியிலிருந்து அதன் பிள்ளை டைரக்டரிக்கு ஒரு ஃபைலை நகர்த்துகிறோம், பிள்ளையின் எண் சிறியது என்று வையுங்கள். நான் பிள்ளையை முதலில் பூட்டுவேன். அதே நேரம் அந்தப் பிள்ளையை நீக்க வரும் ஆர்எம்டிர், முறைப்படி தாயைப் பூட்டிவிட்டுப் பிள்ளைக்கு வரும். மறுபடி அம்மியும் குழவியும்தான். தாய்க்குப் பிறகே பிள்ளை என்ற விதி எண் வரிசைக்கு மேலே நிற்கவேண்டும். யார் யாருக்குள் இருக்கிறார்கள் என்ற உறவே ரீநேமால் மாறக்கூடியது என்பதால், அதைப் பார்ப்பதற்கு முன் கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவான ஒரு ரீநேம் பூட்டும் வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நெட்வொர்க்கில் ஒரு பயணம் கூடியது. வேகம் குறைந்தது என்று விற்பனைப் பிரிவு வருத்தப்பட்டது. குறையட்டும் என்று தலைவர் சொன்னார், நானும் அதே கட்சி.

அந்தப் பேட்ச்சோடு சோர்ஸ் ஃபைலின் தலையில் மூன்று வரிக் குறிப்பு ஒன்றும் எழுதினேன். ஒன்று, கிளஸ்டர் ரீநேம் பூட்டு. இரண்டு, டைரக்டரிகள்: மூதாதை முதலில், உறவில்லையென்றால் ஐநோடு எண் சிறியது முதலில். மூன்று, ஃபைல். ரீநேம் பூட்டு கையில் இருக்கும்போது எண் வரிசை உண்மையில் தேவையே இல்லை. நாளை யாராவது வேகத்துக்காக அந்தப் பூட்டைத் தளர்த்தினால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுதினேன். அதற்கு முன்பு எங்கள் குழுவில் இந்த வரிசை யாருடைய தலையிலோ இருந்தது. தாளில் இல்லை. அந்தக் கோடை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போனபோது வரிசையும் அவரோடு போய்விட்டிருந்தது.

எழுதிவைக்காத பூட்டு ஒப்பந்தத்துக்குக் கெர்னலின் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் பிக் கெர்னல் லாக். 1996இல் லினக்ஸ் 2.0 ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசஸர்களில் ஓடத் தொடங்கியபோது கெர்னல் முழுவதற்கும் போட்ட ஒற்றைப் பூட்டு அது. நான் தொழிலுக்கு வந்தபோது பல ஃபைல் சிஸ்டங்கள் அதன் நிழலில்தான் வாழ்ந்தன. அதற்கு ஒரு விநோத குணம் உண்டு. பிடித்தவன் உறங்கப்போனால் பூட்டு தானாக விடுபடும், எழுந்ததும் திரும்பக் கைக்கு வரும். பிடித்தவனே மறுபடி பிடிக்கலாம். அதனால் எந்தக் கோட் அதை நம்பி எந்தத் தரவைக் காக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் 'இங்கே எதைக் காக்கிறாய்?' என்று கேட்டுக் கேட்டுத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கடைசித் துண்டுகளை ஆர்ன்ட் பெர்க்மன் அகற்றி முடித்தபோது 2011 ஆகிவிட்டது, பதிப்பு 2.6.39. போடுவதற்கு ஒரு பதிப்பு, எடுப்பதற்கு 15 வருடம்.

2006இல் 2.6.18 வந்தபோது அதோடு லாக்டெப் வந்தது. இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வெனும் எழுதியது. என் தொழில் வாழ்க்கையை அதற்கு முன், பின் என்று பிரிப்பேன். அதுவரை டெட்லாக் நடந்த பிறகு பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். லாக்டெப், பூட்டுகளை வகைவகையாகப் பிரித்து, 'அ'வைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வைப் பிடித்த ஒவ்வொரு நிகழ்வையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். என்றைக்காவது யாராவது 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வுக்குக் கை நீட்டினால் உடனே கூச்சல் போடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்க வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நடந்தாலே போதும்.

எங்கள் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்த இரண்டாவது நிமிடத்தில் முதல் புகார் வந்தது. லாக்டெப் ஒரு புகார் சொன்னதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதைத் திருத்தி, மறுபடி ரீபூட் செய்து, அடுத்ததைக் கேட்கவேண்டும். வெங்காயம் உரிப்பதுபோல மூன்று வாரம் உரித்தோம். பெரும்பாலானவை ஜர்னல் பரிவர்த்தனையை, அதாவது டிஸ்க் மாற்றங்களை ஒரு தொகுப்பாகப் பதிவுசெய்வதை, தொடங்குவதும் பூட்டுப் பிடிப்பதும் முன்பின்னாக இருந்த இடங்கள். பரிவர்த்தனையைத் தொடங்குவதும் ஒரு காத்திருப்புதான், ஆகவே அதுவும் ஒரு பூட்டுதான் என்பதை நாங்கள் சரியாக உணர்ந்திருக்கவில்லை. இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. லினக்ஸின் ஈஎக்ஸ்டி3 ஃபைல் சிஸ்டத்தில் பேஜ் பூட்டு முதலில், பரிவர்த்தனை பிறகு என்றிருந்த வரிசையை, அதற்கு அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4இல் தலைகீழாக மாற்ற வேண்டிவந்தது. யான் காரா 2008இல் அதைச் செய்தார். குறிப்பில் நான்காவது வரி சேர்ந்தது: எல்லா டைரக்டரி, ஃபைல் பூட்டுகளுக்கும் பிறகே பரிவர்த்தனை.

லாக்டெப்புக்குத் தெரியாதவையும் உண்டு. ஒரு ஃபைல் சிஸ்டத்தின் டைரக்டரிப் பூட்டுகள் எல்லாம் அதன் பார்வையில் ஒரே வகை. தாயையும் பிள்ளையையும் பூட்டினாலே ஒரே வகையை இரண்டு தடவை பிடிப்பதாகக் குறை சொல்லும். அதனால் இது தாய், இது பிள்ளை என்று கோடில் குறியிட்டுச் சொல்லலாம். அந்தக் குறி ஒரு சத்தியம். கருவி அதைச் சோதிக்காது, நம்பிவிடும். ஒருமுறை எங்களில் ஒருவர் ஒரு புகாரை அடக்குவதற்காக உறவே இல்லாத இரண்டு டைரக்டரிகளுக்கு அந்தக் குறியைப் போட்டார். ரிலீஸ் தேதி நெருங்கியிருந்தது, ஆகவே யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் அந்தப் பேட்ச்சுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒருவன். எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு வாடிக்கையாளரின் மெஷின் நின்றது. அதன்பிறகு அந்தக் குறி இருக்கும் எந்தப் பேட்ச்சையும், ஏன் இது உண்மை என்று இரண்டு வாக்கியம் எழுதாமல் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

இன்னொரு வகை டெட்லாக்கில் எதிராளியே கிடையாது. பரிவர்த்தனைக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷன் கொஞ்சம் நினைவகம் கேட்கிறது. இடம் இல்லை. இடம் உண்டாக்க, கெர்னல் பழைய ஐநோடுகளை வெளியேற்றப் பார்க்கிறது. அதற்கு ஃபைல் சிஸ்டத்துக்குள் மறுபடி நுழைகிறது. அங்கே ஜர்னலில் இடத்துக்காகக் காத்திருக்கிறது. அந்த இடம், ஏற்கனவே தன் கையில் திறந்து கிடக்கும் பரிவர்த்தனை முடிந்தால்தான் கிடைக்கும். தனக்காகத் தானே காத்திருக்கும் ப்ராசஸ். லேபில் 4 ஜிபி மெஷின்களில் எங்களுக்கு இது வந்ததே இல்லை. 1 ஜிபி மெஷின் வைத்திருந்த ஒரு கல்லூரியில் வாரம் ஒருமுறை வந்தது. நினைவகம் கேட்கும்போது 'ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாதே' என்று கொடி காட்டவேண்டும், ஜிஎஃப்பி நோஎஃப்எஸ். ஆனால் ஆறு அடுக்கு கீழே நினைவகம் கேட்கும் ஃபங்ஷனுக்கு, மேலே ஒருவன் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருப்பது எப்படித் தெரியும்? எல்லாரும் பயத்தில் எங்கும் கொடி காட்டினோம். மிக்கல் ஹோக்கோ 2017இல், 4.12இல், பரிவர்த்தனை தொடங்கும் இடத்திலேயே ஒருமுறை அறிவித்துவிட்டால் அந்தப் ப்ராசஸ் அதற்குள் செய்யும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி வழி கொண்டுவந்தார். எங்கள் கோடில் சிதறிக் கிடந்த கொடிகளை எடுத்துவிட்டு, குறிப்பில் ஐந்தாவது வரி எழுதினேன்.

ஐந்து வரியோடு முடிந்தது என்றுதான் எண்ணியிருந்தேன். 2023 தொடக்கத்தில் யான் காராவின் ஒரு ஈஎக்ஸ்டி4 பேட்ச்சைப் படித்தேன். ஒரு டைரக்டரியை வேறொரு டைரக்டரிக்குள் நகர்த்தினால், அதற்குள் இருக்கும் இரட்டைப் புள்ளிப் பதிவு புதிய தாயைக் காட்டும்படி மாறவேண்டும். அன்று விஎஃப்எஸ் பழைய தாயையும் புதிய தாயையும் பூட்டியது. நகரும் டைரக்டரியைப் பூட்டவில்லை. அந்தக் கணத்தில் வேறொருவன் அதற்குள் ஒரு புது ஃபைலை உருவாக்கினால், ஐநோடுக்குள்ளேயே அடங்கியிருந்த சிறு டைரக்டரி தனி பிளாக்குக்கு மாறக்கூடும். ரீநேம், முன்பு பார்த்த இடத்தில் எழுதப்போய்த் தடுமாறும். நகரும் டைரக்டரியையும் பூட்டுவதுதான் அவருடைய திருத்தம். ஆனால் ஈஎக்ஸ்டி4க்குள் தனியாகப் பூட்டியது வரிசைச் சிக்கலைக் கிளப்பியது. அதே வருடம் 6.5இல் வேலை விஎஃப்எஸ்ஸுக்கு மாறியது, அதோடு உறவில்லாத டைரக்டரிகளுக்கு ஒரு பூட்டு வரிசையும் முதல் தடவையாக வகுக்கப்பட்டது. அந்த வரியைப் படித்தபோது பதினெட்டு வருடத்துக்கு முன் பயத்தில் எழுதிய என் இரண்டாவது வரி நினைவுக்கு வந்தது. அதோடும் தீரவில்லை. பொது மூதாதையே இல்லாத இரண்டு டைரக்டரிகளுக்கு இடையே ரீநேம் நடந்தால் டெட்லாக் ஆகும் என்பதை அல் வீரோ கண்டு 2024இல், 6.8இல் அடைத்தார். டைரக்டரிப் பூட்டுகளைப் பற்றிக் கெர்னலோடு வரும் ஆவணத்தில், இந்த வரிசையில் டெட்லாக் வராது என்பதற்கு ஒரு நிரூபணமே இருக்கிறது. அந்த நிரூபணத்தையும் திருத்த வேண்டிவந்தது.

யான் காராவின் அந்தப் பேட்ச்சைப் படித்த அன்றே எங்கள் கோடைத் திறந்தேன். நாங்களும் சிறு டைரக்டரியை ஐநோடுக்குள் வைப்பவர்கள்தான். இரண்டு தாய்களைப் பூட்டுகிறோம், நகரும் பிள்ளையைப் பூட்டுவதில்லை. பதினெட்டு வருடம் தினமும் நான் பார்த்துவந்த ஃபங்ஷன் அது. 6.5 வந்தபிறகு, அதற்கு மாறினால் சரியாகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். எங்களோடு சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "சார், விஎஃப்எஸ் பூட்டு அந்த மெஷினுக்கு மட்டும்தானே? இன்னொரு மெஷின்ல ஃபைல் உருவாக்குறவன அது எப்படித் தடுக்கும்?"

நான் 2005இன் தாள்களைப் பற்றி அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்று மதியம் சொன்னேன். இரண்டு மெஷின்களை வைத்து, ஒன்றில் டைரக்டரியை நகர்த்திக்கொண்டும், மற்றதில் அதற்குள் ஃபைல்களை உருவாக்கிக்கொண்டும் இருக்கும் ஒரு சோதனையை அவர் எழுதினார். நாற்பது நிமிடத்தில் டைரக்டரி சிதைந்தது. திருத்தமும் அவருடையதுதான். நகரும் டைரக்டரியின் கிளஸ்டர் பூட்டை இரண்டு தாய்களுக்குப் பிறகு, ஃபைலுக்கு முன்னால் பிடிப்பது. குறிப்பில் இரண்டாவது வரிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அதைச் செருகி, கீழே இருந்த எண்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஆறு வரியாக்கி அனுப்பினார்.